கத்தி இறங்காத பதினேழு விநாடி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. போன ஆவணியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், லால்குடி ரோட்டில் இருக்கும் ஒரு பிஸ்கட் கம்பெனியில். தென்னூர் ஸ்டீபன்ராஜுக்கு அன்றைய நேரமெல்லாம் நிமிடக் கணக்கில் மனப்பாடம்.

அவர் அங்கே எலெக்ட்ரீஷியன். பாக்கெட் வெட்டும் மெஷினின் கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். அந்தக் கதவு சுவிட்ச் அடிக்கடி மக்கர் செய்தது. ஸ்டீபன்ராஜ் ஒரு துண்டு வயரைப் போட்டு, கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகக் காட்டும்படி அதை ஏமாற்றி வைத்தார். சாயங்காலம் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஆபரேட்டர் காத்தமுத்து, சிக்கிய பாக்கெட்டை எடுக்கக் கையை விட்டார். கத்தி இறங்கியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார்.

வயரைப் போட்டதே காத்தமுத்துதான் என்று விசாரணையில் எழுதினார்கள். அவர் மகள் கனிஷ்காவுக்குக் கம்பெனி தருவதாகச் சொன்ன வேலை அதனால் நின்றுபோனது. ஸ்டீபன்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை, மெஷினை ஓட்டச் சொன்னார்கள். புது சுவிட்ச் வந்து சேரவில்லை. வெட்கக்கேட்டை என்ன சொல்ல, யாருக்கும் தெரியாமல் மறுபடியும் ஒரு வயரைப் போட்டார் அந்த மனுஷன்.

காலை 7.10. ஸ்டார்ட் கொடுத்தார். கத்தியை இயக்கும் சர்வோ மோட்டார் அசையவில்லை. ஓவர்லோடு என்று பேனலில் சிவப்பு விளக்கு.

7.25. கேபிளை மாற்றினார். அதே சிவப்பு.

7.40. மோட்டாரைக் கத்தியிலிருந்து கழற்றித் தனியாக ஓட்டிப் பார்த்தார். சுமையே இல்லாத மோட்டார் சும்மா சுழல வேண்டும். கரண்டை நிறுத்திக் கையால் சுற்றினால் லேசாகச் சுற்றியது. கரண்ட் கொடுத்தால்... யாரோ பிடித்துக்கொண்டது போல நின்றது.

8.05. திரும்பப் பூட்டினார். கதவைத் திறந்து, ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று கத்திக்கு அடியில் கையை விட்டுத் தடவினார்.

சூப்பர்வைசர் பீமராவ் பேனல் பக்கம் வந்தார். கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாது என்று நம்பியவர் அவர். வயர் விஷயம் தெரியாது; கை உள்ளே இருந்ததையும் பார்க்கவில்லை. சிவப்பு விளக்கை அணைக்க நினைத்து ரீசெட்டைத் தட்டி, ஸ்டார்ட்டையும் அழுத்தினார்.

ம்ம்ம்ம்...

மோட்டார் முனகியது. ஸ்டீபன்ராஜ் கையை இழுத்தார். சட்டைக் கை ஒரு போல்ட்டில் மாட்டிக்கொண்டது. கத்த நினைத்தார். குரல் வரவில்லை.

விரலுக்கு மேலே கத்தி நடுங்கியது...

இறங்கவில்லை.

சட்டை கிழிந்தது. கை வெளியே வந்தது.

டக்.

கத்தி இறங்கியது.

காத்தமுத்து பழி வாங்க வந்துவிட்டார் என்றே ஸ்டீபன்ராஜ் நம்பினார். வயரைப் பிடுங்கி எறிந்தார். கிழிந்த சட்டையோடு பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனார். மேலூர் ரோட்டில் காத்தமுத்துவின் மனைவி ராக்கம்மாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா... அந்த வயரைப் போட்டது நான்தான்."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில சொன்னாரு. அந்தப் பய புள்ளகுட்டிக்காரன், ஜெயிலுக்குப் போயிடுவான், அதான் விசாரிக்க வந்தவங்ககிட்ட நானே போட்டேன்னு சொல்லிட்டேன்னாரு. வெளிய சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

ஸ்டீபன்ராஜ் அங்கேயே உட்கார்ந்து அழுதார். ராக்கம்மாள் அவரைத் தேற்றவில்லை. மிச்சத் துணியைக் காயப்போட்டார்.

சாயங்காலம் 4.20. ஆபீசில் கடிதம் எழுத உட்கார்ந்தபோது போன் வந்தது. மோட்டார் கம்பெனி இன்ஜினியர். பேனலில் பதிவானதை மதியம் பீமராவ் அவருக்கு அனுப்பியிருந்தார்.

"சார், எட்டு ஆறுக்கு மோட்டார் முழு விசையில பதினேழு செகண்ட் இழுத்திருக்கு. ஆனா ஒரு இம்மிகூட சுத்தல. அந்த மாடல்ல பிரேக்கே கிடையாது. எதை வச்சு சார் பிடிச்சீங்க?"

ஸ்டீபன்ராஜ் போனை வைத்தார். வயரைப் போட்டது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.