நட்சத்திரக் குறி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நானும் ஒரு மேசையும்தான். துணியை வெளுத்துச் சோதிக்கும் கிளை ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகம் தாண்டி இருந்தது. ஒன்றாகக் கட்டிய துணிப் பண்டல்தான் லாட்; ஒவ்வொரு லாட்டுக்கும் கணினியில் ஒரு கோப்பு. தேறாத லாட் எண்களை ஒரு பட்டியலில் தட்டிவைத்தால், அதை வரிவரியாகப் படித்து அந்தக் கோப்புகளை மட்டும் அழிக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதியிருந்தேன். கோப்பு மிஞ்சிய லாட் லாரியில் ஏறும். ராஜபாளையத்தில் நெசவுக் குறை பார்க்கும் இடத்தில் அது மாதக்கணக்கில் பிசகில்லாமல் ஓடியது. அதையே ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வில்லிபுத்தூர்க் கணினியில் ஓட்டியதும் எல்லாக் கோப்புகளும் போயின. பட்டியலும் அங்கேயேதான் இருந்தது, அதுவும் போயிற்று.

சோதனை பார்க்கும் பெண்ணிடம் என்ன தட்டினீர்கள் என்று கேட்டேன்.

“நம்பர்தான் சார். பக்கத்துல இடம் விட்டு ஒரு ஸ்டார் போட்டேன். ஃபெயிலுன்னு தெரியணும்ல? முன்னால நோட்டு இருந்தப்ப அப்படித்தான போடுவோம்.”

கட்டளையை வாங்கிச் செய்யும் ஷெல்லுக்கு நட்சத்திரம் என்றால் ‘இங்கே இருப்பது அனைத்தும்’. ஸ்கிரிப்டில் அந்த எண்ணை ஏந்தும் மாறியைச் சுற்றி நான் இரட்டை மேற்கோள் போட்டிருந்தால், அப்படி ஒரு கோப்பு இல்லை என்று சொல்லி நின்றிருக்கும். ராஜபாளையத்தில் எண்ணைத் தவிர எதையும் யாரும் தட்டியதில்லை. அதனால் குறை தெரியவில்லை. யூனிக்ஸில் அழித்ததை மீட்க வழியில்லை. நகல் ஃபிளாப்பியில் இந்த வாரத்து லாட் எதுவும் இல்லை.

“எந்த நம்பரும்மா?”

“ஒண்ணுதான் சார் ஃபெயிலு. நம்பரு… சத்தியமா ஞாபகம் இல்ல சார்.”

ஆஸ்பத்திரிக்குப் போகும் லாரி வாசலில் நின்றது. மேனேஜர் உள்ளே வந்தார்.

“என்னய்யா கம்ப்யூட்டரு, மந்திரம் போட்டு எல்லாத்தையும் மறைச்சிட்டீராமே? இம்புட்டு பண்டல்ல ஒண்ணு போனா என்ன?”

“அந்த ஒண்ண இவிய தன் புண்ணுல வச்சுக் கட்டட்டும்” என்று அந்தப் பெண் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

“கும்பிட்டுக் கேக்கேன் சார், ஏத்தாதீங்க” என்றேன். உண்மையாகவே கும்பிட்டேன்.

“டிரைவர் சாப்பிட்டு வார வரைக்கும்தான். பொறவு ஏத்திருவேன்.”

ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டி வாளித் தண்ணீரில் போட்டோம். நன்றாக வெளுத்த துணி தண்ணீரைக் குடித்து உடனே மூழ்கும். நூலில் உள்ள மெழுகு போகாதது மிதக்கும். அது ரத்தத்தையும் உறிஞ்சாது. துண்டு துண்டாக மூழ்கிக்கொண்டே போனது. பாதிக்கு மேல் போட்ட பிறகு ஒன்று மிதந்தது.

“இதான் சார்!” என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாததால் மீதியையும் போட்டேன். கடைசி வரிசையில் இன்னொன்று மிதந்தது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. “இதப் பாஸுன்னுல்ல சார் போட்டேன்.”

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “ரெண்டையும் ஓரமா வைங்க. மத்தத ஏத்தலாம்.”

“அப்ப போன வாரம் இவங்க பாஸ் போட்டதெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சு சார்?”

“அது எதுக்குய்யா உமக்கு?”

“போன் பண்ணணும்.”

மேசையில் இருந்த போனின் டயலில் பூட்டுத் தொங்கியது. சாவிக்காக மேனேஜரிடம் கை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு வாசலில் நின்ற சுமை ஆட்கள் பக்கம் திரும்பினார்.

“ஏலே, என்ன வேடிக்கை? ஏத்துங்கலே.”