அண்ணியின் டிக் டிக்

கரண்ட் போனால்தான் அண்ணியின் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு விசைத்தறி காலையிலிருந்து கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அண்ணனின் கைத்தறி வேறு. கரண்ட் போய் அந்தச் சத்தம் நின்றதும், அண்ணனும் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவான். அப்போது அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும் அண்ணியின் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று வரும். "இன்னா பாப்பா அப்டி பாக்கற? உங்க வூட்டுக்குக் கடிகாரம் வாங்கற செலவு மிச்சம்" என்பாள். அண்ணன் சிரிப்பான். கரண்ட் வந்தாலும் உடனே தறியை மிதிக்க மாட்டான்.

அண்ணி சந்தவாசல் பக்கத்துப் பெண். சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் ஒன்று யாருக்கும் தெரியாமல் அவள் இதயத்தின் வால்வைக் கெடுத்துவைத்திருந்தது. கல்யாணமாகி வந்த பிறகுதான் மூச்சு வாங்கத் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் சென்னையில் நெஞ்சைத் திறந்து, உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். டிக் டிக் அதன் சத்தம்தான். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை ஆயுளுக்கும் விடக்கூடாது, காய்ச்சல் வந்தால் அன்றே ஓடிவர வேண்டும், வால்வில் கிருமி ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நாங்கள் எதையும் மறக்கவில்லை. அண்ணிக்கு லேசாக உடம்பு சுட்டாலே அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். "இவரோட பெரிய பேஜாரு" என்று அலுத்துக்கொள்வாள், முகமெல்லாம் பூரிப்பாக.

ஆனால் அந்த ஆடியில் வந்ததைக் காய்ச்சல் என்று நாங்கள் யாருமே நினைக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். அம்மா பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எங்களுக்கு அது நோயல்ல, அம்மை. அம்மனே வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் இருக்கும் வரை மருந்து கூடாது, ஆஸ்பத்திரி கூடாது, சத்தம் கூடாது. "கொப்பளத்துல இன்னும் நீர் கட்டலையேம்மா" என்று அண்ணன் இழுத்தான். "கட்டும்டா, சும்மா இரு" என்றாள் அம்மா.

மாத்திரையை நிறுத்தியது அம்மா அல்ல, அண்ணியேதான். ஆபரேஷனில் தன்னைப் பிழைக்கவைத்தது படவேட்டு அம்மன் என்று அவள் நம்பியிருந்தாள். அங்கே பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டும் இருந்தாள். கூட்டத்தில் நெஞ்சில் இடிபட்டுவிடுமே என்று அண்ணன்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். "நான் போகல, அவளே என்னைப் பாக்க வந்துட்டா பாப்பா" என்றாள் என்னிடம். அண்ணன் மாத்திரையும் தண்ணீருமாகக் கட்டிலருகே நின்றான். "தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும்தாங்க. அப்புறம் நீங்க குடுக்கறதெல்லாம் முழுங்கறேன்" என்று அவனைக் கெஞ்சினாள். அந்தப் பொங்கலைத் தவிர அவன் அவள் சொல்லைத் தட்டியதே இல்லை.

வாசலில் வேப்பிலை கட்டினோம். அண்ணன் தறியில் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் விசைத்தறியை நிறுத்திவைத்தார். அந்த அமைதியில் முதல் நாள் டிக் டிக் வாசல் வரை கேட்டது. பிறகு அது மங்கத் தொடங்கியது. துணியைச் சுற்றித் தட்டுவது போல ஆகி, கடைசியில் நெஞ்சருகே காதைக் கொண்டுபோனால்தான் கேட்டது. "பாத்தியா, தாயி குளிர்ச்சி பண்ணிகினு வர்றா" என்றாள் அம்மா. ஐயோ, எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! அண்ணிகூட நெஞ்சில் கைவைத்து, "உள்ள தட்டிகினு இருந்த ஆசாரி லீவு போட்டுட்டாரு பாப்பா" என்று சிரித்தாள். அவள் அடித்த கடைசிக் கிண்டல் அது.

மறுநாள் காலை அவளுக்கு வாய் கோணிப் பேச்சு நின்றது. வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வால்வில் கிருமி தொற்றி, அதன்மேல் ரத்தமும் கட்டியிருந்தது. அதனால்தான் சத்தம் மங்கியது; அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போயிருக்கிறது; பொட்டுகளும் அந்தக் கிருமியின் வேலையே என்றார் டாக்டர். "காய்ச்சல் வந்தா உடனே வரணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். "காய்ச்சல் வரலீங்க, அம்மைங்க" என்றான் அண்ணன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அண்ணி அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

அம்மா அதற்குப் பிறகும் அம்மனைக் கும்பிடாமல் இல்லை. ஆனால் சில வருடங்கள் கழித்து என் மகனுக்கு நிஜமாகவே அம்மை போட்டபோது, வேப்பிலை ஒடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டாள். "ஜல்தி ஆட்டோவ கூப்புடுடி. அவ கோச்சுக்கினா நான் பேசிக்கறேன்" என்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை என்று சொன்ன பிறகுதான் அவள் அழுதாள். பேரனுக்காக மட்டும் அழுத அழுகை அல்ல அது.

அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சென்ற மாதம் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய், பக்கத்து வீட்டு விசைத்தறி நின்றது. அண்ணன் மிதியிலிருந்து காலை எடுத்து, அடுப்படிப் பக்கமாகத் தலையைச் சாய்த்தான். எதையாவது பேச வேண்டுமே என்று, போன பொங்கலுக்கு நான் வாங்கித் தந்த சுவர்க் கடிகாரத்தைக் காணோமே என்று கேட்டேன்.

"கழட்டி வெச்சிட்டேம்மா. அது சத்தம் போட்டுகினே இருக்குது. கரண்ட் போனா வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

கரண்ட் வந்த பிறகும் அவன் வெகுநேரம் தறியை மிதிக்கவில்லை.