ராக்கு வைத்த மருந்து

ராக்கு என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருக்கு அண்ணன் பெண்டாட்டி. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு ஒன்றுகூட வராது. கமுதிப் பக்கத்தில் மிளகாயும் பருத்தியும் போடுகிற எங்கள் கூட்டுக் குடும்பத்தில் அடுப்படி முழுக்க அவள் ராஜ்யம். நான் வாழ வந்த அன்றைக்கே உப்புச் சாடியைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றவள். நாக்கு மட்டும் ஊருக்கே போதும்.

என் மகள் பூமயிலுக்கு ஐந்து வயதிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டே இருந்தது. கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் உப்பி, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். இது மருந்து வைத்த வேலை என்று முதலில் சொன்னது ராக்குதான். ஆகாதவர்கள் சோற்றில் எதையாவது கலந்து கொடுத்து ஆளை உருக்குவதற்கு எங்கள் பக்கத்தில் மருந்து வைப்பது என்று பேர்.

"ஒன் ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வந்த பெறகுதானடி புள்ள இளைக்குது" என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். மருந்தெடுக்கிறவரிடம் இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். அந்த ஆள் பிள்ளையின் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, எதையோ கறுப்பாகத் துப்பிக் காட்டினார். என் அம்மா வைத்த மருந்தாம். அன்றைக்கே ராக்குவை எனக்கு அடியோடு பிடிக்காமல் போய்விட்டது.

மதுரையில் பெரிய டாக்டர் குடலில் சதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கோதுமைதான் காரணம் என்றார். அதிலிருக்கும் குளூட்டன் என்ற சத்து இவள் குடலுக்கு ஆகாது. கோதுமை, மைதா, ரவை எதுவும் ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக் கூடாது. போனால் பிள்ளை நிலைக்க மாட்டாள். சோறு தின்கிற ஊரில் இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? பிள்ளை தெருவில் இறங்கினால் போதும், எவளாவது ஒருத்தி, "ஒத்த பிஸ்கட்டுல என்ன ஆயிரப்போகுது, தின்னு தாயி" என்று கையில் திணித்துவிடுவாள்.

ராக்கு சும்மா இருப்பாளா? "கோதும சேராதாம். மகாராணிக்கு இன்னும் என்னென்ன சேராதுன்னு செவத்துல எழுதி வையி" என்றாள். ஆனால் அன்றோடு வீட்டில் கோதுமை மாவு நின்றது. அவளுடைய கடைசி மகன் கமுதியிலிருந்து பரோட்டா கட்டிக்கொண்டு வந்தபோது இலையோடு பிடுங்கித் தெருவில் எறிந்தாள். அதையும் எனக்குக் காட்டுகிற கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவு செய்தும் பூமயில் தேறவில்லை. எது வழியாகவோ வயிற்றுக்குள் கோதுமை போகிறது என்று டாக்டர் அடித்துச் சொன்னார். அப்போதுதான் துபாயில் ஓட்டல் அடுப்படியில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர், கூட வேலை பார்க்கும் பெரியபட்டினத்து மீரா சாகிபு ஊருக்கு வரும்போது அவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். உள்ளே மருந்துத் தண்ணீர் அடைத்த சின்னக் குப்பிகளும் அட்டைக் குச்சிகளும் இருந்தன. சாப்பாட்டைத் துளி எடுத்துக் குப்பியில் போட்டுக் குலுக்கிக் குச்சியை முக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் குளூட்டன் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

கொல்லையில் உட்கார்ந்து சோற்றைச் சோதித்தேன். ஒரு கோடு. குழம்பைத் தொடுவதற்குள் ராக்கு பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, என் சோத்துலயா மருந்து தேடுற?"

"மருந்து இல்லக்கா, கோதும இருக்கான்னு..."

"யாருகிட்ட கத விடுற? எட்டு ஊருக்கு ஆக்கிப் போட்ட கையி இது!" கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஓரகத்தி சமைத்ததில் இவள் குச்சி விட்டுப் பார்க்கிறாளாம் என்ற செய்தி மட்டும் ஊர் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடப் பங்காளிகள் எல்லோரும் கூடினோம். மறுநாள் பந்திக்கு ராக்குதான் சாம்பார் வைத்தாள். இலை போட்டதும் நேரே என்னிடம் வந்து நின்றாள்.

"ஒளிச்சு ஒளிச்சுப் பாத்தியே, இப்ப இத்தன சனம் இருக்கையில முக்கிப் பாருடி. ஒண்ணும் இல்லைன்னா ஊரு முன்னால என் கால்ல விழணும்."

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பிள்ளைக்காகக் கொண்டுவந்திருந்த குச்சியை எடுத்தேன். முக்கினேன். எல்லோரும் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். முதல் கோடு வந்தது. அதன் பக்கத்திலேயே இரண்டாவதும் மெல்லச் சிவந்தது.

"ரெண்டு கோடு! மருந்து இருக்கு!" என்று ஒரு சத்தம். பெரிய பங்காளி கூத்தையா சூடத்தை எடுத்து வரச் சொன்னார். "ஏத்தா ராக்கு, புள்ளைக்கு எதையும் கலந்து குடுக்கலைன்னு சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு."

"கொளுத்துங்க, பண்ணுறேன்!" என்று ராக்கு சேலையை வரிந்து கட்டினாள்.

அவள் அவமானப்படுவது எனக்குக் கசக்கவில்லை, உண்மையைத்தான் சொல்கிறேன். ஆனால் எனக்கு வேண்டியது கோதுமை எங்கே இருக்கிறது என்பது. மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் வீட்டில் காயவைத்துத் திரித்தவை. கடையிலிருந்து பொடியாக வந்தது ஒன்றே ஒன்றுதான். அவளுடைய கூடையிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துச் சோதித்தேன். குச்சியை முக்கியதும் இரண்டு கோடும் பளிச்சென்று வந்தன. டப்பாவைத் திருப்பினால் அடியில் எறும்பெழுத்து இங்கிலீஷில் கோதுமை மாவு என்று போட்டிருந்தது. பெருங்காயப் பொடியில் பாதிக்குமேல் மாவுதான் என்று யாருக்குத் தெரியும்?

"அக்கா, இதுலதான் கோதும மாவு கலந்திருக்கு."

ராக்கு டப்பாவை வாங்கிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்குள் சூடம் எரிய ஆரம்பித்துவிட்டது.

"சத்தியத்தப் பண்ணு" என்றார் கூத்தையா.

நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள். "ஏலல மாமா. குடுத்தேன். நாந்தான் கலந்து குடுத்தேன்."

பந்தியே எழுந்துவிட்டது. அவள் அடுத்துச் சொன்னதை யாரும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற நான்தான் கேட்டேன். "வகுறு வலிக்குது பெரியம்மான்னு வரும். மோருல பெருங்காயத்தக் கரைச்சுக் குடுப்பேன். வலி கூடக்கூட அள்ளிப் போட்டுக் குடுத்தேனே வள்ளி..."

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அது மருந்தில்லை, பெருங்காயம், அதில் கோதுமை என்றேன். "பெருங்காயத்துல கோதுமையாம்! ஓரகத்திய விட்டுக் குடுக்காமப் பேசுறா பாரு, நல்ல மனசு" என்று எனக்குப் பெயர் கிடைத்தது. அவளுக்குக் கிடைத்தது வேறு.

அன்றோடு ராக்கு கரண்டியைத் தொடவில்லை. பெருங்காயம் நின்றது, பூமயிலுக்கு வயிற்றோட்டமும் நின்றது. ஆடி பிறப்பதற்குள் கன்னத்தில் சதை வைத்து, ஓடியாட ஆரம்பித்துவிட்டாள். என் பிள்ளை உடம்பு தேறத்தேற ராக்குவின் குற்றம் உறுதியானது. "அவ கைச்சோறு நின்னதும் புள்ள எப்பிடித் தெளிஞ்சுருச்சு பாத்தியா!" என்றார்கள். விசேஷ வீட்டில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து இலை காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

"அக்கா, மருதக்கிப் போயி டாக்டரையே கூட்டியாந்து ஊரு முன்னால சொல்லச் சொல்றேன்" என்றேன்.

"எவடி ஒன்னையக் கேட்டா? பொத்திக்கிட்டு இரு" என்று என்மேல் பாய்ந்தாள். "கோதுமதான்னு தெரிஞ்சா எளக்காரமாப் போயிரும். நாளைக்கே எவளாவது ரொட்டியத் தூக்கிக் குடுப்பா. மருந்துன்னே இருக்கட்டும்."

இப்போதும் அவளிடம் நல்ல வார்த்தை கிடையாது, எனக்கும் அவளைக் கண்டால் எரிச்சல்தான். போன வாரம் பூமயில் கடையில் போய் ரஸ்க் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் பாட்டிலை மூடி உள்ளே தள்ளிவிட்டாராம்.

"ஒனக்கு நான் எதையும் தர மாட்டேன் ஆத்தா, போயிரு. நாளைக்கு என்னையும் ராக்கு மாதிரி ஆக்கிப்புடுவாக."