ஒரு படி சாமை

எங்கள் பாஸ்டரிடம் குறையே இல்லை என்று நான் சொன்னால் என் மனைவியே சிரிப்பாள். முன்கோபக்காரர். கண்ணமங்கலத்திலிருந்து மலையேறி வருவதற்குள் பாதி ஞாயிறு போய்விடும். வந்ததும் நாங்கள்தான் தாமதம் என்று திட்டுவார். ஆனால் சாராயத்தில் கிடந்த என்னை மனுஷனாக்கியது அவர்தான். குடியை விட்ட முதல் பத்து நாள், கை நடுங்கி, இல்லாததைக் கண்டு அலறிய என் பக்கத்திலேயே மண்தரையில் படுத்துக் கிடந்தார். என் வாந்தியை அவரே அள்ளிக் கொட்டினார். அப்படிப்பட்ட ஆள் கிணற்றில் குதி என்றால் குதித்திருப்பேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. ஊருக்குச் சாமை கொடுக்காதே என்றார்.

எங்கள் மலையில் அம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு படி சாமை. எல்லாச் சாமையையும் ஒன்றாகக் கொட்டிப் பொங்கல் வைப்பார்கள். கொடுக்காத வீடு ஊரில் சேர்த்தி இல்லை. நல்லது கெட்டதுக்கு ஆள் வராது, இடுகாட்டிலும் இடம் கிடையாது. "அந்தப் படையல்ல உங்க கை இருக்கவே கூடாது பிரதர்," என்றார் பாஸ்டர். சரி என்று நிறுத்தினேன்.

அப்பா ஞானஸ்நானம் எடுத்தவர் இல்லை. எனக்காக ஜெபவீட்டில் கடைசியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். சாமையை நிறுத்தியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "என்னை உங்கம்மா பக்கத்துல போட்டுடுவ இல்ல?" போடுவேன் என்றேன். அதையெல்லாம் தேவன் பார்த்துக்கொள்வார் என்று அப்போது அவ்வளவு திமிரான விசுவாசம் எனக்கு.

போன தையில் அப்பா போய்விட்டார். ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் வந்தார். அம்மாவின் கூடப்பிறந்த தம்பி அவர். அழுதுகொண்டேதான் வந்தார்.

"மாப்ள, ஊருக்கு உம்மேல கோவம் இல்ல. ஒரு படி சாமையக் கொண்டாந்து கோயில் வாசல்ல வச்சிடு. எங்கக்கா பக்கத்துலயே நாங்க குழி வெட்டிடறோம்."

வீட்டில் சாமை இருந்தது, அதுதான் கொடுமை. பாஸ்டரைக் கேட்காமல் எனக்குக் கை வரவில்லை. சிக்னல் கிடைக்கும் பாறை வரை ஓடிப்போய் போன் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவே இல்லை. வெயில் ஏறிவிட்டது, பிணம் காத்திருக்குமா? அவர் என்ன சொல்லியிருப்பாரோ அதையே நான் சொன்னேன்.

"முடியாது மாமா."

"நீயெல்லாம் மனுசனாடா?" என்று கேட்டுவிட்டு மாமா போய்விட்டார்.

என் நிலத்து ஓரத்தில், வழியை ஒட்டி, நானும் சபையார் மூன்று பேரும் குழி வெட்டினோம். அடியில் பாறை; இடுப்பளவுகூட இறங்கவில்லை. காட்டுப்பன்றி தோண்டாமலிருக்கக் கல்லை அடுக்கினோம். அம்மா இருக்கும் இடம் ஓடைக்கு அந்தப் பக்கம், நின்றால் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்தார். அன்றைக்குக் கன்வென்ஷன் கூட்டத்தில் இருந்தாராம், போன் பையில் கிடந்ததாம். நடந்ததைச் சொன்னேன். என்னை மெச்சுவார் என்று ஓர் அற்ப ஆசை இருந்ததை மறைக்க மாட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"அட இன்னா பிரதர் நீங்க! ஒரு படி சாமைதான? குடுத்துட்டு அடக்கம் பண்ணியிருக்கலாமே. தேவன் இருதயத்தைத்தான பாக்குறாரு."

என் மனைவி சொம்பை நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் மழுப்பவில்லை. எனக்குச் சொன்னதை நிஜமாகவே மறந்துபோயிருந்தார்.

அன்று சாயங்காலமே மாமாவிடம் போனேன். இப்போது சாமை தருகிறேன், அப்பாவை எடுத்து அங்கே வைக்கலாமா என்று கேட்டேன். "பொதைச்சவங்கள எடுக்கிற வழக்கம் நம்மகிட்ட இல்லடா," என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னுமா அந்தாளு பின்னாடி போற?" என்று மனைவி கேட்கிறாள். போகிறேன். ஊர் என்னை விட்டாயிற்று. இவரையும் விட்டால் எனக்குச் சாராயம்தான். ஞாயிறுதோறும் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய் அவர் பையை வாங்கிக்கொள்கிறேன். போன வாரம் ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. வழியோரம் அப்பாவின் மேல் அடுக்கிய கற்களில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டினார். எழுந்திருங்கய்யா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பையோடு நின்றுகொண்டிருந்தேன்.