புளிக்கு நிற்காத பெயர்

போன கிழமை மகளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு கிற்றார் வந்தது. தலையில் பொன்னிறத்தில் அமெரிக்கப் பெயர். பிள்ளை அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் வட்ட ஓட்டைக்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்தாள். உள்ளே ஒட்டியிருந்த தாளில் இந்தோனேசியா என்று இருந்தது. முகம் தொங்கிவிட்டது.

"அப்பா, ஏமாத்திப்போட்டாங்களோ?"

ஒருவரும் ஏமாற்றவில்லை. பெயர் ஓரிடம், வேலை வேறிடம். இதுதான் இந்த வியாபாரம். அமெரிக்கப் பெயர்க்காரர் விலை கூடியதைத் தங்கள் நாட்டில் செய்வார்கள், மலிவானதை மெக்சிக்கோவிலும் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் செய்விப்பார்கள். ஜப்பான்காரரும் அப்படித்தான். ஒரே தொழிற்சாலையில் நாலு பெயருக்குக் கிற்றார் செய்வதும் உண்டு. மரத்தைச் சீவினவனுடைய பெயரை மட்டும் எவனும் போடமாட்டான். சத்தம் சரியென்றால் வாசி, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு என்றேன். என்னுடைய வாய் அப்படி. அவள் வாசித்தாள். நல்ல சத்தம்.

அந்த நேரம் பார்த்து மனைவி கிணற்றடியில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த மணம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

சண்டை ஓய்ந்து, எங்கள் வடக்கிலிருந்து கொழும்புக்குப் போகிற ஏ-ஒன்பது பாதை திறந்திருந்த காலம் அது. கொடிகாமத்தில் பெயர்ப்பலகை எழுதும் கடையில் எனக்கு வேலை. மரக்கறிக் கடை, சைக்கிள் கடை, சாத்திரியார் வீடு என்று ஊரெல்லாம் என் எழுத்துத்தான். கலியாண வீடுகளில் வாசிக்கிற இசைக்குழு ஒன்றிலும் இருந்தேன். கொழும்புக்குப் போய் ஒரு கிற்றார் வாங்கி வந்தேன். அமெரிக்காவில் செய்தது என்றான் கடைக்காரன். தலையில் தங்க எழுத்து இருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

குழுவில் எனக்கு முன்பே கிற்றார் வாசித்தவன் செல்வம். அவனுடையது தெல்லிப்பழையில் கதவு, யன்னல் செய்கிற ஒரு தச்சர் செய்து கொடுத்தது. கழுத்தும் தலையும் பலா மரம், முகப்புத் தேயிலைப் பெட்டிப் பலகை. அவன் என்னைவிட நன்றாக வாசிப்பான். இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்குச் சொல்லவில்லை. கிற்றாருக்கு முன்னால் வைக்க எங்களிடம் ஒரேயொரு மைக். அமெரிக்கக் கிற்றார் இருக்கேக்கை பலாப்பழம் என்னத்துக்கு என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே பலாப்பழம். மைக் எனக்கு வந்தது. அவன் பின்னால் போய்க் கிலுகிலுப்பை ஆட்டினான்.

பிறகு நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசைக்குக் கிற்றாரையும் வைக்க வேண்டும் என்றார் அம்மா. கம்பி முறுக்குகிற ஆணிகள் பச்சை பிடித்துக் கிடந்தன. என் தங்கச்சி கெட்டிக்காரி. விளக்குத் தேய்த்த கையோடு, அதே புளி, அதே சாம்பல், அதே தேங்காய்த் தும்பால் கிற்றாரின் தலையையும் தேய்த்துவிட்டாள். நான் வந்து பார்த்தபோது ஆணிகள் பளபளத்தன. பெயரைக் காணவில்லை. அது எழுத்தே இல்லை, வெறும் ஒட்டுத்தாள். நான் கத்தின கத்தில் அயல் வீட்டு நாய் குரைத்தது. அவள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு உருண்டைப் புளிக்கு நிக்காத பேர் என்ன பேர் அண்ணை?"

பூசையில் வைத்ததை விசயதசமி வரை தொடக்கூடாது. ஒரு நாள் முழுக்க அந்த மொட்டைத் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் இருந்த இடத்தில் அம்மா சந்தனப் பொட்டு வேறு வைத்துவிட்டார். ஐப்பசி பிறந்ததும் முதற் கலியாணம். பெயர் இல்லாமல் போனால் மைக்கும் இல்லை, மானமும் இல்லை.

விசயதசமியன்று நல்ல வேலை தொடங்க வேண்டும் என்பார்கள். நான் கடையைத் திறந்து, பொன்னிற எனாமலைக் கரைத்து, அந்த அமெரிக்கப் பெயரைக் களவாக எழுதத் தொடங்கினேன். முதல் எழுத்து முடியவில்லை, செல்வம் வாசலில் நின்றான். ஒத்திகைக்குப் போகிற வழியில் என்னைக் கூட்டிப்போக வந்தவன். தூரிகையைப் பார்த்தான், மொட்டைத் தலையைப் பார்த்தான். அவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தால் நான் செத்திருப்பேன். அவனோ தன் கிற்றாரை மேசையில் வைத்தான்.

"மச்சான், என்ரைக்கும் ஒண்டு எழுதித் தாவன்."

"எந்த நாடு?"

"செய்த இடத்தை எழுது."

எனக்கு மன்னிப்புக் கேட்க வராது, எழுத வரும். என்னுடையதில் எழுதினதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். அவனுடையதில் 'தெல்லிப்பழை' என்று எழுதினேன். அவ்வளவு கவனமாக ஒரு பலகையும் எழுதியதில்லை. கலியாணத்தில் மைக்கை நானே தூக்கி அவன் முன்னால் வைத்தேன். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், இங்கே பிறந்து லண்டன்காரர் ஆனவர், கிட்ட வந்து எழுத்தை வாசித்துப் பார்த்துவிட்டு, உது எந்த நாட்டுச் சாமான் என்று கேட்டார்.

"உங்கடை நாட்டுச் சாமான்தான்" என்றான் செல்வம்.

என் மொட்டைக் கிற்றார் எங்கே செய்ததென்று கடைசிவரை தெரியாது. கிலுகிலுப்பையும் எனக்குச் சரியாக ஆட்ட வரவில்லை.

பாதை மறுபடி மூடுவதற்கு முன் செல்வம் பிரான்சுக்குப் போய்விட்டான். கிற்றாரை என்னிடம் விட்டுப் போனான். நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது தேயிலைப் பெட்டிப் பலகையைக் கறையான் தின்று முடித்திருந்தது. பலாவைக் கறையான் தொடாது. கழுத்தும் தலையும் எழுத்தும் மிச்சம். கடையும் இல்லை, குழுவும் இல்லை, அந்தத் தச்சர் எங்கே போனார் என்று கேட்டால் சொல்ல ஆளும் இல்லை. அந்தச் சத்தத்தை ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. அந்தக் கழுத்தும் தலையும் மட்டும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன, ஆணிகளில் வீட்டுப் பூட்டுத் திறப்புகளைக் கொழுவி வைத்திருக்கிறோம்.

மகளின் கிற்றாரைக் காட்டச் செல்வத்துக்குக் காணொளி அழைப்பு எடுத்தேன். அவன் அதைப் பார்க்கவேயில்லை. பின்னால் சுவரில் தொங்குவதைப் பார்த்துவிட்டு, வழக்கம்போலப் பொதி பண்ணி அனுப்பச் சொன்னான், செலவைத் தான் தருவானாம்.

"அனுப்பமாட்டன். வேணுமெண்டால் வந்து எடு" என்றேன்.

இருபது வருடமாக இதையேதான் சொல்கிறேன்.