இடது பக்கம் ஒடித்தால் மட்டும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கார் ஒயரிங் பார்க்கும் கொளஞ்சியிடம் வண்டியை விட்டால், முதலில் பானெட்டைத் திறக்க மாட்டார். ஸ்டூலைப் போட்டு நம்மை உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்வார். "எப்பவும் இருக்குற கோளாறுன்னா வண்டியப் பாத்தா போதும். அப்பப்ப வந்து போறதுன்னா ஓட்டுறவரத்தான் கேக்கணும்" என்பார். காடாம்புலியூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த மனுஷன். கடலூருக்கு வந்து பத்தே வருஷத்தில் பெரிய ஆளாகிவிட்டார். அந்தத் திமிர் பேச்சில் தெரியும்.

2008இல் நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பச்சைப் பொய் சொன்னேன். "ஹாரன் தானா அடிக்குதுங்க. குண்டு குழில எறங்குனா அடிக்குது."

பாவம், இரண்டு நாள் ஊரில் உள்ள பள்ளத்தில் எல்லாம் இறக்கிப் பார்த்தார். ரிலேயை மாற்றினார். ஸ்விட்சைக் கழற்றி மாட்டினார். ஹாரன் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் டெஸ்ட் லாம்ப்பைக் கீழே வைத்துவிட்டு முறைத்தார்.

"சார், எதையோ மறைக்கிறீங்க. கரெக்டா எந்த எடத்துல அடிக்குது?"

உண்மையைச் சொன்னேன். சிதம்பரம் கனகசபை நகரில் ஒரு குறுகலான முக்கு. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தால்தான் திரும்பலாம். அங்கே முதல் வீடு என் மாமனார் பூவராகன் வீடு. உள்ளே என் மனைவி மகேஸ்வரி, பன்னிரண்டு நாளாக. "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று காரில் ஓயாமல் சொன்னாள். "பயமா இருந்தா எறங்கிக்க" என்று கத்தினேன். இறங்கிவிட்டாள். கூப்பிடப் போக எனக்கு வீம்பு. ஆனால் அண்ணாமலை நகரிலிருந்து கடலூருக்கு வேலைக்குப் போகும்போது தினமும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். ஏன் என்று கேட்காதீர்கள். பாழாய்ப்போன ஹாரன் சரியாக அந்த வாசலில் அலறும். மாமனார் எட்டிப் பார்ப்பார். நான் பறந்துவிடுவேன்.

அவர் போனில் சொல்லிவிட்டார்: "வம்புக்கு ஹாரன் அடிக்கிற ஆளோட எம்பொண்ணு வாழ வேணாம். ஞாயித்துக்கெழம நாலு பேர வெச்சு பேசி முடிச்சுடலாம்."

அதைக் கேட்ட பிறகுதான் கொளஞ்சியிடம் ஓடிவந்திருந்தேன்.

"அட கஷ்டகாலமே! இத மொத நாளே சொல்றதுக்கு என்ன?" என்று சாவியைப் பிடுங்கி அவரே ஓட்டினார். சிதம்பரம் வரை ஹாரன் முனகக்கூட இல்லை. முக்கில் ஒடித்தார். பாம்ம்ம்!

ஸ்டியரிங்கை அப்படியே என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். தெருவே அதிர்ந்தது. மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். பின்னால் மகேஸ்வரி. சட்டென்று ஹாரன் நின்றது. கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு செப்புத் தாயத்தோடு கொளஞ்சி வெளியே வந்தார்.

"ஸ்டியரிங் தண்டுல கட்டியிருக்கு. முழுசா ஒடிக்கறப்ப ஹாரன் ஒயர்ல போயி ஒரசுது. ஒயர் தோலே உரிஞ்சு போச்சு. எந்த மடையன் சார் இத இங்க கட்டுனது?"

"நாந்தான்" என்றாள் மகேஸ்வரி. "வேகமாப் போவாதீங்கன்னா கேக்கறாரா? வேற என்னதான் பண்றது நானு?"

மாமனார் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். இவளையா இறங்கச் சொன்னேன் என்று எனக்கு அவமானமாக இருந்தது.

"ஏறிக்க மகேசு. இனிமே மெதுவாப் போறேன்" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முன் சீட்டுக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, வீடு வரைக்கும் நீங்களே ஓட்டுங்க" என்றாள் கொளஞ்சியிடம்.

நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.