ஏழு நாற்பதிலிருந்து எட்டரை வரை

அந்த அறிவித்தலைக் கண்ட நாள் தொடக்கம் புனிதவதிக்கு விசரும் எரிச்சலும்தான். பிரெஞ்சு நாட்டில், ரூ பஜோல் தெருவில் அவள் குடியிருக்கும் கட்டடத்து வாசற்கதவில் ஒட்டியிருந்தார்கள். பண்டிகைச் சோடனையோ தற்காலிகப் பலகையோ, எது வைப்பதென்றாலும் இனிப் பதினைந்து நாள் முன்னரே கட்டடக் குழுவிடம் எழுதிக் கேட்க வேண்டுமாம். அனுமதித்த நேரம் முடிந்த கையோடு எடுத்துவிடவும் வேண்டுமாம். எல்லாம் மூன்றாம் மாடி செபஸ்தியாம்பிள்ளையால் வந்த வினை. நத்தாருக்குப் பல்கனியில் கட்டிய நட்சத்திரத்தை அந்த மனுசன் பங்குனி வரைக்கும் கழற்றவில்லை. அவருடைய பஞ்சிக்கும் சோம்பலுக்கும் பிள்ளையார் என்ன செய்வார்?

புனிதவதி 2010இல் வன்னியிலிருந்து வந்தவள். விடியற்காலையில் அலுவலகக் கந்தோர்கள் துடைப்பாள், பின்னேரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவாள். ஒருவர் வம்புக்கும் போகாதவள். ஆவணியில் பிள்ளையார் தேர் வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசலில் சின்ன மேசை போட்டு நிறைகுடம் வைப்பாள். நிறைகுடம் கண்ட வாசலில் தேர் நிற்கும், ஐயர் அர்ச்சனை செய்வார். சண்டையின் கடைசி நாட்களில் கைதவறிப் போன மகன் யதுர்சனுக்கான அர்ச்சனை அது. பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்வது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். ஒரு வருடம் விட்டாலும் அவன் இல்லையென்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று அவளுக்குப் பயம்.

ஆகவே 2019இல் பல்லைக் கடித்துக்கொண்டு விண்ணப்பம் போட்டாள். பக்கத்து ஊர் சார்செலில் இருக்கும் மருமகள், தமையனின் மகள் வசந்தரூபி ஃபோனில் கேட்டுக் கேட்டு நிரப்பினாள்.

“மாமி, எத்தினை மணியில இருந்து எத்தினை மணி வரைக்கும் எண்டு கேட்டிருக்கு.”

“பொறு பிள்ளை, பஞ்சாங்கத்தைப் பாக்கிறன். ஏழு நாப்பதில இருந்து எட்டரை.”

நிறைகுடம் வைக்கிற நேரத்தைக் கேட்டால் சுபநேரத்தைத் தவிர வேறென்ன சொல்வது? கேட்டது, வைத்தது எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை. மாமிக்கும் அது மூளையில் ஓடவில்லை, மருமகளுக்கும் ஓடவில்லை. கேட்டபடியே அனுமதி வந்தது.

தேர் நாளன்று சரியாக எட்டரைக்கு, கடதாசியும் கையுமாக ஜெனவியேவ் வந்து நின்றாள். வாசலை ஒட்டிய கீழ்மாடிக்காரி, கட்டடக் குழுத் தலைவி.

“நேரம் முடிந்துவிட்டது. இனி மேசையும் நிற்கக்கூடாது, தரையிலும் ஒன்றும் வைக்கக்கூடாது” என்றாள் பிரெஞ்சில்.

தேர் இந்த வாசலுக்கு வர மத்தியானமாகும். புனிதவதிக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சும் கோபத்தில் பறந்துவிட, தமிழிலேயே வெடித்தாள்.

“தேர் என்ன ரயிலே, போட்ட நேரத்துக்கு வர? உங்கடை ரயிலும் நேரத்துக்கு வாறேல்லை!”

ஜெனவியேவ் கடதாசியில் இருந்த நேரத்தை விரலால் தட்டிக் காட்டினாள். புனிதவதி மேசையை மடக்கி உள்ளே தள்ளினாள். நிறைகுடத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். தரையிலும் இல்லை, மேசையிலும் இல்லை. இப்போது என்ன செய்வாய்? ஜெனவியேவ் கடதாசியை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். கையில் வைத்திருப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. உள்ளே போனாள், ஆனால் கதவைச் சாத்தவில்லை.

பத்து மணிக்குத் தோள் கடுத்தது. பதினொன்றுக்குக் கை விறைத்தது. செபஸ்தியாம்பிள்ளையையும் அவருடைய நட்சத்திரத்தையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தபடி நின்றாள்.

பன்னிரண்டு தாண்டி மேளச்சத்தம் கேட்டது. வடம் தளர்ந்து தேர் அவள் வாசலில் நின்றது. ஐயர் வந்து, “பேர், நட்சத்திரம்?” என்று கேட்டார்.

புனிதவதி வாயைத் திறந்தாள். மூன்றரை மணி நேரக் களையும் பத்து வருட அழுகையும் ஒன்றாய்ப் பொங்க, பெயருக்குப் பதிலாக விம்மல்தான் வந்தது. ஐயர் மறுபடியும் கேட்டார். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள்.

“யதுர்சன். அத்தம்.”

முதுகுக்குப் பின்னால், கோணல் உச்சரிப்பில் ஜெனவியேவ் சொன்னாள். ஒன்பது வருடமாக ஒவ்வொரு தேருக்கும் கீழ்மாடி யன்னலுக்குள்ளால் கேட்டுப் பாடமாக்கி வைத்திருக்கிறாள் மனுசி.

ஐயர் அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கினார். புனிதவதி நிறைகுடத்தை ஜெனவியேவின் கையில் கொடுத்துவிட்டு, விறைத்த கைகளைத் தூக்கிக் கும்பிட்டாள்.